ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருந்த வலி

"எத்தனை மணியிலிருந்து வலிக்கிறது?"

ஒரு நாளைக்குக் குறைந்தது முப்பது பேரிடம் நான் கேட்கிற கேள்வி இது. சிலர் டக்கென்று சொல்லிவிடுவார்கள். சிலர் விழிப்பார்கள். விழிக்கிறவர்களைப் பார்த்து நான் மனதுக்குள் சலித்துக்கொண்டதுண்டு. வலி ஆரம்பித்த நேரம்கூடவா ஒருவருக்குத் தெரியாது?

போன சனிக்கிழமை சாயங்காலம் அதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். நான் தினமும் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியில், நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில், நாலரை வயது மகள் ஆதிரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிற இந்த நிமிடம் வரை தெரியவில்லை.

உண்மையில் இந்த வாரம் இந்தப் பக்கத்துக்கு நான் எழுத வைத்திருந்தது வேறு. நர்சிங் கடைசி வருடம் படிக்கும் ஒரு பெண் கடிதம் போட்டிருந்தார். 'வார்டில் நேரம் போதவே மாட்டேன் என்கிறது அக்கா. வேலை, குழந்தை, எழுத்து என்று நீங்கள் எல்லாவற்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கொஞ்சம் சொல்லுங்களேன்' என்று. படித்ததும் பெருமையாக இருந்தது... மறைப்பானேன்? வெள்ளிக்கிழமையே பாதி எழுதி வைத்துவிட்டேன்.

அந்தப் பாதியில் தப்பு எதுவும் இல்லை தங்கையே. இப்போதும் சொல்வேன். வார்டுக்குள் நுழைந்ததும் வேலையில் கை வைக்காதே. எல்லாக் கட்டிலையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வா. அந்தப் பத்து நிமிடம் பின்னால் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்துத் தரும். ஊசி போட்ட கையோடு சார்ட்டில் எழுது. பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்துக் கோட்டு பாக்கெட்டின் மேல் ஒட்டிக்கொள். பத்து மணி மருந்து யாருக்கு, பதினொன்றுக்கு எந்தக் கட்டிலுக்கு டிரிப் மாற்ற வேண்டும் என்று அதில் எழுதி, முடிய முடிய அடித்துக்கொண்டே வா. காகிதம் தொலைந்துபோகும். பிளாஸ்டர் தொலையாது.

ஐந்து பேர் ஒரே நேரத்தில் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டால்? கூப்பிடாமல் படுத்திருக்கிற ஆறாவது ஆளிடம் முதலில் போ. கத்துகிறவருக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் இல்லாத கட்டில்தான் பயம்.

இதோடு நிறுத்தியிருந்தேன். அடுத்து வீட்டைப் பற்றி எழுத வேண்டும். சனிக்கிழமை காலை டியூட்டி முடித்து மதியம் வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டை மூடினேன்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீடு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: பெருமாள்மலையில் ஓர் அறையும் அடுப்படியுமாக வாடகை வீடு. ஆஸ்பத்திரி மேலே கோடைக்கானலில். கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்கும் ஷிப்ட். இரண்டு ஷிப்டும் ஒத்துப்போகிற நாட்கள் மாதத்தில் எத்தனை என்று விரல் விட்டுச் சொல்லிவிடலாம். மற்ற நாட்களில் எங்கள் குடும்பம் வாய்ஸ் மெசேஜில் நடக்கிறது. அவர் அனுப்பியதை நான் பஸ்ஸில் கேட்பேன். நான் அனுப்பியதை அவர் கேன்டீனில் கேட்பார். கன்னிவாடியில் இருக்கும் அம்மாவால் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவை விட்டு நகர முடியாது.

ஆக, ஆதிரையைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா. ஜங்ஷனில் பழக்கடை போட்டிருப்பவர். பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட். பள்ளி லீவு விட்டதிலிருந்து ஆதிரைக்குப் பகல் முழுவதும் அந்தக் கடைதான். பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவளுக்கென்று ஓர் இடம். கூடவே ஒரு பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கியும் காது பிய்ந்த ஒரு கரடியும்.

மூன்று மாதத்துக்கு முன்பு இதே பக்கத்தில் 'ரவுண்ட்ஸ்' பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டில் கட்டிலாக வந்து விசாரிப்பாரே, அதே மாதிரி வீட்டிலும். ஆதிரை முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் பாக்கியம் அக்காவின் போனை வாங்கி என்னை அழைத்துவிடுவாள். செருப்பு வார் அறுந்தது. பூனை முறைத்தது. நான் ஒரு கையில் மருந்து ட்ராலியும் இன்னொரு கையில் போனுமாக நின்று இரண்டு முறை திட்டு வாங்கினேன். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. டியூட்டி நேரத்தில் போன் கிடையாது. எந்தப் புகாராக இருந்தாலும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றி, பாயில் உட்கார்ந்து 'ரவுண்ட்ஸ்' என்று சொன்னதும் ஒவ்வொன்றாகச் சொல்லலாம். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். முதலில் ஒட்டகச்சிவிங்கி, அடுத்து கரடி, கடைசியில் பேஷண்ட் ஆதிரை.

ஒரே வாரத்தில் போன் நின்றுவிட்டது.

எத்தனை பாராட்டுக் கடிதங்கள். ஓர் அம்மா, தன் இரட்டையர்களுக்கும் இதையே ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருந்தார். பாக்கியம் அக்கா ஒருவர்தான் சிரித்தார்.

"ஏன் நர்சம்மா, பச்சப் புள்ளைக்கும் பிரட்டு வச்சிட்டீங்களாக்கும்?"

அவர் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பிரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஆள் எண்ணி, வேலை பிரித்துவிடுவதாம். "பிரட்டுல நிக்கும்போது தும்மக்கூட யோசிக்கணும்னு எங்கம்மா சொல்லும்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆதிரைக்கு இரண்டு நாளாகச் சளி. தெரியும். சிரப் கொடுத்து, கம்பளித் தொப்பி மாட்டிவிட்டுத்தான் ஆறு பத்து பஸ் ஏறினேன். ஒரு மணிக்கு என்னை விடுவிக்க ஜெனிஃபர் சிஸ்டர் வர வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து வருகிறவர். சீசன் சனிக்கிழமை மலைப்பாதை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். கார்... காருக்குப் பின்னால் கார். இரண்டு மணிக்கு போன் செய்தார்.

"சிஸ்டர், பஸ் நின்ன எடத்துலயே நிக்குது. எறங்கி நடந்தா நான் வந்து சேர்றதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிருவீங்க."

என்ன செய்வது? வார்டை விட்டுவிட்டு வர முடியுமா? அடுத்து வருகிறவரிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி 'ஓவர்' கொடுக்காமல் ஒரு நர்ஸ் வாசலைத் தாண்டக் கூடாது. பாக்கியம் அக்காவுக்கு போன் செய்தேன். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"நீங்க மெதுவா வாங்க நர்சம்மா. புள்ள சமத்தா உக்காந்திருக்கு. சத்தமே இல்ல."

சத்தமே இல்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாடா என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு ஜெனிஃபர் மூச்சு வாங்க வந்தார். ஓவர் கொடுத்து முடித்து, நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து, பெருமாள்மலையில் இறங்கும்போது ஐந்தே முக்கால்.

பாக்கியம் அக்கா கடையை எடுத்துவைத்துவிட்டு ஆதிரையோடு எங்கள் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளனே சாப்ட்டதுதான். மத்தியானச் சோறு அப்பிடியே கெடக்கு" என்றார். "காதப் பொத்திக்கிட்டே இருந்துச்சு. குளிருதா ஆத்தானு கேட்டா ஆமாங்குது. தொப்பிய நல்லா இழுத்துவிட்டேன். போன் போட்டுத் தரவானு கேட்டேன். வேணாம் பெரியம்மா, ரவுண்ட்ஸ்ல சொல்லிக்கிறேன்னுச்சு."

வீட்டைத் திறந்தேன். ஆதிரை எனக்கு முன்னால் உள்ளே ஓடினாள். பாயை விரித்தாள். நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்தாள். ஒட்டகச்சிவிங்கி, கரடி, பக்கத்தில் அவள்... வரிசையாக.

இந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. கை கழுவினேன். உடை மாற்றினேன். மாற்றும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒரு சார்ட்டில் நேரம் எழுத விட்டுப்போயிருந்ததாம். சொன்னேன். கணவரின் வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. கேட்டேன். பாலை அடுப்பில் வைத்தேன். "ரெண்டு நிமிஷம்டா" என்று மூன்று முறை சொன்னேன்.

கழற்றிய கோட்டில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அன்றைய வேலை எல்லாம் அடித்திருந்தேன். ஒரே ஒரு வரி அடிக்காமல் இருந்தது, கடைசி வரி. 'ஆதிரை.' அந்தப் பெயரை நான் தினமும் எழுதுவேன். எப்போதும் கடைசியில்தான் எழுதுவேன்.

பாயில் உட்கார்ந்தேன். "ரவுண்ட்ஸ்" என்றேன்.

ஒட்டகச்சிவிங்கிக்குக் கால் வலி. எழுதினேன். கரடி பூனையோடு சண்டை போட்டது. அதையும் எழுதினேன்.

"பேஷண்ட் ஆதிரை?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குக் காது வலிச்சது."

"இப்ப வலிக்குதா?"

"இப்ப இல்ல. கடையில ரொம்ப வலிச்சது. நான் அழல." கொஞ்சம் யோசித்தாள். "அம்மா, அதுக்கு இப்ப அழட்டுமா?"

நான் தொப்பியைக் கழற்றினேன். உள் கம்பளி ஈரமாக இருந்தது. இடது காதிலிருந்து கழுத்து வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது.

எனக்குள் இருந்த நர்ஸுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உள்ளே சீழ் கட்டி, அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்திருக்கிறது. கிழிந்ததும் வலி குறைந்துவிடும். அதனால்தான் 'இப்ப இல்ல.' அதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் அந்த வலி இருந்திருக்கும்? பெரியவர்களே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளுகிற வலி அது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் அழவில்லை. நான் அனுமதி தரவில்லையே.

"அழுடா" என்றேன்.

அழுதாள். இப்போது இல்லாத ஒரு வலிக்காக... அப்படி ஓர் அழுகையை நான் எந்த வார்டிலும் கேட்டதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பாக்கியம் அக்காதான் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். ஜங்ஷனில் ஒரு ஜீப்பைப் பிடித்து நிறுத்தியதும் அவர்தான்.

"வெரசா போப்பா, புள்ளைக்குக் காது" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்து மெல்லிய குரலில், "என்னய நம்பித்தான விட்டுட்டுப் போனீங்க. யாவாரத்துல கவனிக்காம விட்டுட்டேன் தாயி" என்றார்.

அவர் பிள்ளையைக் கேட்கத்தான் செய்தார். போன் போடவா என்றுகூடக் கேட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

டியூட்டி டாக்டர் எனக்குத் தெரிந்தவர்தான். காதில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எத்தனை மணில இருந்து வலி சிஸ்டர்?"

நான் ஆதிரையைப் பார்த்தேன். ஆதிரைக்கு மணி பார்க்கத் தெரியாது. அவள் டாக்டரிடமே நேராகச் சொன்னாள்: "மஞ்சக் கார்ல வந்த ஆண்ட்டி பிளம்ஸ் வாங்குனாங்கள்ல, அப்ப இருந்து."

பாக்கியம் அக்காவிடம் பிறகு கேட்டேன். அன்றைக்கு எத்தனையோ மஞ்சள் கார் வந்ததாம்.

டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். மருந்து, காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது, திரும்ப வந்து காட்டுவது. இதையெல்லாம் நான் எத்தனை அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர் சொல்லச் சொல்ல எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஜெனிஃபர்தான் சீட்டில் மறுபடி எழுதிக் கொடுத்தார். "நான் நேரத்துக்கு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீடு திரும்பி, அவளுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, கணவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பேசிப் பேசி நாலு நிமிடம் ஆகிவிட்டது. பதில் வந்தது. பதினோரு விநாடி. "நீ என்ன பண்ணுவ... விடு. பாப்பா எப்படி இருக்கா? நான் லீவு கேட்டுப் பாக்குறேன்." பின்னால் மெஷின் சத்தம். அதை மூன்று முறை கேட்டேன். அவர் மேல் தப்பில்லை. எனக்கு வேண்டியிருந்தது எதிரே உட்கார்ந்து 'ஆமா, நீ பண்ணினது தப்புதான்' என்று சொல்ல ஒரு ஆள். அல்லது இல்லை என்று சொல்ல. ஏதோ ஒன்று. மெசேஜ் முடிந்ததும் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும் இருந்தது.

வார்டில் சத்தமில்லாத கட்டிலுக்கு முதலில் போகிறவள் நான். மாணவிகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறவள். பிறகு எப்படி...?

அதையும் விட்டுவிடுங்கள். எனக்கே என் மேல் சந்தேகமாக இருக்கிறது. அவள் வலி ஆரம்பித்ததுமே போன் செய்திருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன்? 'சிரப் குடிச்சிட்டுப் படுத்துக்கோடா' என்று சொல்லி வைத்திருக்க மாட்டேனா? மாட்டேன் என்று சத்தியம் செய்ய ஆசையாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்துச் சொன்னேன். "இனிமே ரவுண்ட்ஸ் கிடையாது. வலிச்சா உடனே சொல்லணும். அழுகை வந்தா உடனே அழணும்."

"நீ டியூட்டில இருந்தாலுமா?"

"இருந்தாலும். பெரியம்மா வார்டுக்கு போன் போட்டுத் தருவாங்க."

"கரடிக்கு வலிச்சா?"

"...கரடிக்கு வலிச்சாலும்."

நர்ஸ் இன்சார்ஜிடம் நடந்ததைச் சொல்லி, வார்டு போன் எண்ணை பாக்கியம் அக்காவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வாரம் இரண்டு அழைப்பு. ஓவர் கொடுக்கும் நேரத்தில் வந்த இரண்டாவதை எடுத்தவர் ஜெனிஃபர். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "சிஸ்டர், ஒங்க வீட்டு ஒட்டகச்சிவிங்கிக்கு இன்னும் கால் வலி நிக்கலையாம். எக்ஸ்ரே எடுத்துரலாமா, இல்ல ஜன்னல் வழியா தலைய நீட்டச் சொல்லிப் பாத்துரலாமா?" ஒன்பதாம் கட்டில் பாட்டிகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு.

ஆக, கடிதம் எழுதிய தங்கையே, உனக்கான மீதிப் பாதி என்னிடம் இல்லை. முதல் பாதியை வைத்துக்கொள். பிளாஸ்டரும் உதவும். ஆனால் வீட்டில் இருக்கிறவர்களின் பெயரைக் கடைசி வரியில் எழுதாதே. இரட்டையர்களின் அம்மாவுக்கு: தயவுசெய்து இன்றைக்கே ரவுண்ட்ஸை நிறுத்திவிடுங்கள். தவறாக எழுதிவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முடியவில்லை. ஆதிரை நான் சொன்னதைச் சரியாகவே பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தால் உடனே அழ வேண்டும். அவளுக்கு அழுகை வருவது தினமும் காலை ஆறு மணி ஆறு நிமிடத்துக்கு.

கீழ் வளைவில் பஸ் ஹாரன் அடிக்கும். அது எங்கள் ஸ்டாப்புக்கு வந்து சேர நாலு நிமிடம். ஹாரன் கேட்டதும் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு, கண்ணீர் வழிய... முன்பெல்லாம் 'டாட்டா' சொல்லி அனுப்பியவள்தான். அப்போதும் அழுகை வந்துகொண்டுதான் இருந்ததா? தெரியவில்லை. அதையும் கேட்கப் பயமாக இருக்கிறது.

நேற்று அவளை அணைத்துக்கொண்டு அழுது முடியும் வரை உட்கார்ந்துவிட்டேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் தாமதம். இரவு டியூட்டி பார்த்த பெண், கைப்பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றிருந்தார். அவருக்கும் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. அதுவும் அந்த நேரத்தில் எங்கோ அழுதிருக்கும் அல்லது அழாமல் இருந்திருக்கும்.

'இப்ப அழாதே' என்று இனி என்னால் அவளிடம் சொல்ல முடியாது. பஸ்ஸையும் நிறுத்த முடியாது.

ஹாரனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிற அந்த நாலு நிமிடத்தில் ஓர் அம்மா என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கொஞ்சம் வெரசா எழுதுங்கள்... எனக்கு நாளைக்கும் காலை டியூட்டி.